நல்ல நேரம் தெரியும்வரை

எங்கள் வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு மணல் வந்தது ஒரு மீனால்தான். 2012 கோடையில் அப்பாவின் நண்பர் ஒருவர் மாற்றலாகி வடக்கே போனபோது, தான் வளர்த்த மஞ்சள் மீனை எங்களிடம் விட்டுப் போனார். கடைகளில் அதை ‘யெல்லோ கோரிஸ்’ என்பார்கள். ராஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பகலெல்லாம் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றும். பொழுது சாய்ந்ததும் மணலுக்குள் புகுந்து உறங்கும். பயந்தாலும் அங்கேதான் ஓடும். எங்கள் தொட்டியிலோ அடியில் வெறும் கண்ணாடி. இரண்டு கோமாளி மீன்களுக்கும் சில செராமிக் கற்களுக்கும் அது போதுமாக இருந்தது, சுத்தம் செய்யவும் வசதி. வந்தவன் முதல் நாள் மாலையே அந்தக் கண்ணாடித் தரையில் மூக்கை இடித்து இடித்துப் பார்த்தான். கடைசியில் ஒரு கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைச் செருகிக்கொண்டு கிடந்தான். அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இவனைப் படுக்கை இல்லாம வச்சிருக்கறது பாவம்மா” என்றார்.

எந்த மணல் என்பது அடுத்த கேள்வி. ஆற்று மணலும் மெரினா மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். தண்ணீரோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளாதவை. கடற்கரையில் அள்ளினால் நகரத்தின் கழிவும் கூடவே வரும். கடல்தொட்டி வைப்பவர்கள் விரும்புவது அரகோனைட் மணல். அது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளங்கள் தங்கள் கூட்டைக் கட்டுவது அதைக் கொண்டுதான். முத்தின் பளபளப்பும் அதனுடையதுதான். தூத்துக்குடிப் பக்கத்து உறவினர் ஒருவர், பவளத் துண்டுகள் கலந்த மணல் ஒரு மூட்டை அனுப்பட்டுமா என்று போனில் கேட்டார். அப்பா உடனே மறுத்துவிட்டார். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருக்கும் தீவுக்கூட்டம் 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் அந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள்ளேயே போய்விட்டன. 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில் இருக்கின்றன. ஒரு மீனுக்குப் படுக்கை போட இன்னொரு கடலின் தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். கொளத்தூருக்குப் போனோம். எங்கள் பெரம்பூர் வீட்டிலிருந்து பக்கம். தெருத்தெருவாக மீன்கடைகள் இருக்கும் அந்த ஊரில், வழக்கமாகப் போகும் கடைக்கார அண்ணன் பஹாமாஸிலிருந்து வந்த அரகோனைட் மூட்டைகளை எடுத்துக் காட்டினார். எங்களுடையது நான்கடித் தொட்டி, 270 லிட்டர். விரல் மூழ்கப் படுக்கை வேண்டுமென்றால் 25 கிலோவுக்கு மேல் தேவை.

மொட்டை மாடியில் வைத்துக் கழுவினோம். வாளியில் கொஞ்சம் மணல், மேலே மெட்ரோ தண்ணீர், கையால் கிளறி, வெள்ளையாக மேலே நிற்பதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடியும். ஆற்று மணலென்றால் சில தடவையில் தண்ணீர் தெளிந்துவிடும். இது தெளியவில்லை. குறைந்தது, ஆனால் தீரவில்லை. நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளியாததற்குக் காரணம் அரகோனைட்டின் மென்மை என்று புரிந்தது. கடினத்துக்கான மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, அரகோனைட் 3.5 முதல் 4 வரைதான். மூட்டையில் குலுங்கிவரும்போதே மணிகள் ஒன்றையொன்று தேய்த்துத் தூளாகின்றன. கழுவுகிறேன் என்று நாம் கிளறும்போதும் அதே தேய்ப்புத்தான் நடக்கிறது. பழைய தூள் போகப் போகப் புதுத் தூள் பிறக்கிறது. கையை விட்டால் விரல் தெரிகிற அளவுக்கு வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார். கடைசி அலசலை மட்டும், தொட்டியிலிருந்து மாற்றி எடுத்த உப்புத்தண்ணீரில் செய்தோம்.

மீன்கள் உள்ளே இருக்கும்போதே போட்டாக வேண்டும். அவற்றை மாற்றி வைக்க இன்னொரு தொட்டி எங்களிடம் இல்லை. இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒன்றை அப்பா அறுத்து, தலையில் புனல் பொருத்தி, கீழ்முனை தரையைத் தொடும்படி பிடித்துக்கொண்டார். நான் குவளை குவளையாக ஈர மணலைப் புனலில் விட்டேன். மணல் தண்ணீருக்குள் பறக்காமல் குழாய்க்குள்ளேயே இறங்கித் தரையில் குவிந்தது. தண்ணீரை அலைபோல் ஓட்டும் வேவ்மேக்கரையும் ஃபில்டரையும் நிறுத்தியிருந்தோம். காற்றுக்கல் மட்டும் ஒரு மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சென்னைக் கோடையில் அது இல்லாமல் முடியாது. 28 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் ஆக்சிஜன்கூடப் பிடித்து வைக்காது; அதே சூட்டில் நல்ல தண்ணீர் அதைவிட அதிகம் பிடிக்கும். கலங்கலில் மீனின் உயிருக்கு முதல் ஆபத்து தூள் இல்லை, நின்றுபோன ஓட்டம்தான் என்பதை அப்பா அன்றைக்கே சொன்னார். அலையடிக்கும் கரையோரத்து மீன்களுக்குத் தூள் புதிதல்ல. மூச்சுத்தான் அவசரம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், பாதி மணல் போட்டதுமே தொட்டி அரிசி களைந்த கழுநீராகிவிட்டது. முன் கண்ணாடிக்கு ஒட்டி வந்தால் மட்டும் கோமாளி மீனின் ஆரஞ்சு நிறம் தெரிந்து மறைந்தது. மஞ்சள் மீன் எங்கே என்றே தெரியவில்லை. மீதி மணலை இன்னொரு நாளைக்கு என்று மூடி வைத்தோம்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். “கொஞ்சம் படிகாரம் போட்டா ஒரு மணி நேரத்துல தெளிஞ்சுடுமேங்க” என்றார். அம்மா பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில். ஆடியில் காவிரியில் புதுத்தண்ணீர் செம்மண்ணாக வரும்; பாட்டி மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டு அதில் தண்ணீரை ஊற்றி வைப்பார்; காலையில் மேல்தண்ணீர் தெளிந்திருக்கும். இதை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அம்மா சொன்னதில் அறிவியல் முழுசாக இருந்தது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சேர முடியாததால் கனமாக முடியவில்லை, கனமாக முடியாததால் விழ முடியவில்லை. படிகாரத்தின் அலுமினியம் அந்தத் தள்ளுதலை அடக்குகிறது. தேற்றாங்கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் துகள்களைப் பிடித்துக் கட்டுகின்றன. ஆனால் படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று அமிலப் பக்கம் சாய்க்கும். அலுமினியம் கடல் உயிர்களுக்கு நல்லதல்ல. இன்னொன்று, கடல்நீரிலேயே அந்த வேலையில் ஒரு பங்கு நடந்துகொண்டிருக்கிறது. உப்பின் அயனிகள் துகளைச் சுற்றிய மின்படலத்தை ஒடுக்கிவிடுவதால் துகள்கள் கிட்ட வந்து ஒட்ட முடிகிறது. காவிரியின் வண்டல் கடலைத் தொட்டதும் திரண்டு படிவதற்கும் இது ஒரு காரணம். மாடியில் விட்டிருந்த வாளிகளே சாட்சி சொன்னன. மெட்ரோ தண்ணீர் வாளி மறுநாளும் மங்கலாக இருக்க, உப்புத்தண்ணீரில் அலசிய வாளி அதற்கு முன்பே தெளிந்துவிட்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அப்ப உப்பே படிகாரம்னு சொல்லு” என்றார். ஏறக்குறைய அதுதான்.

அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. மற்ற ஊர்களோடு பார்த்தால் சென்னைக்குக் குறைவுதான், பகலில் இரண்டு மணி நேரம். தொட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரமும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கழியும். பேட்டரியில் ஓடும் சின்ன காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். மணல் போட்ட மறுநாள் மின்சாரம் போனபோது, அப்பா தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பேட்டரிப் பம்பின் குமிழிகளை ஒரு மூலையோடு ஒதுக்கிவிட்டு, மறுமூலையில் நின்ற தண்ணீரையே கவனித்தார்.

அப்பா ஐசிஎஃப் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர். ரயில் பெட்டிகளுக்கு அடிக்கிற பெயின்டில் நிறப்பொடி அடியில் தங்காமல் பார்த்துக்கொள்வதிலேயே அவர் வாழ்நாள் போயிருந்தது. “அங்க அது உட்காரக் கூடாதுன்னு பாடுபட்டேன். இங்க உட்காரணும்னு பாடுபடறேன். ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதாம்மா. பெரிசு உடனே உட்காரும், சிறிசு உட்காரவே உட்காராது.” எத்தனை நேரத்தில் எது உட்காரும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். 1851-இல் ஸ்டோக்ஸ் எழுதிய விதி பாடத்தில் இருந்தது. துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. அரகோனைட்டின் அடர்த்தியையும் எங்கள் தண்ணீரின் சூட்டையும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். 10 மைக்ரான் துகள், அதாவது தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்கு இருப்பது, அரை மீட்டர் ஆழம் இறங்க ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். ஒரு மைக்ரான் துகளுக்கு அதே ஆழத்துக்கு ஐந்து நாள். அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். ஓடுகிற பம்புக்கு நடுவில் அது என்றைக்கும் தானாக இறங்காது.

இந்தக் கணக்குக் கையில் வந்த பிறகு, நாங்கள் அதுவரை சபித்துக்கொண்டிருந்த மின்வெட்டு ஒரு சல்லடையாகத் தெரிந்தது. இரண்டு மணி நேரம் நின்ற தண்ணீரில் 8 மைக்ரானுக்கு மேற்பட்டதெல்லாம் தரைக்குப் போய்விட்டிருக்கும். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் மங்கல் எதுவோ, அதைக் காத்திருந்து தீர்க்க முடியாது; பிடிக்கத்தான் வேண்டும். மணல் போட்டவர்களிடம் ‘பொறுங்கள், தானாகத் தெளியும்’ என்று எல்லோரும் சொல்வது பாதி மட்டுமே உண்மை. ‘எல்லாப் பம்பையும் ஓடவிடுங்கள்’ என்று இன்னொரு கூட்டம் சொல்வதும் பாதிதான். முதலில் நிறுத்த வேண்டும், பெரியது விழட்டும் என்று. பிறகு ஓட்ட வேண்டும், சின்னது ஃபில்டரைத் தேடி வரட்டும் என்று. வரிசை மாறினால் இரண்டுமே பலிக்காது.

எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதை அளக்க அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்றைத் தொட்டியின் வலதுபக்கக் கண்ணாடியில், எழுத்து உள்நோக்கி இருக்கும்படி வெளியே ஒட்டினார். இடதுபக்கக் கண்ணாடியில் கண்ணை வைத்து, நான்கடித் தண்ணீருக்கு ஊடாக அதைப் படிக்க வேண்டும். தாளின் நடுவில் தேதி பெரிய எண்ணாக இருக்கும். அதற்கடுத்த அளவில் மாதமும் கிழமையும். பிறகு நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் சூலமும் சந்திராஷ்டமமும். முதல் நாள் அந்தப் பக்கம் ஒரு தாள் இருப்பதே தெரியவில்லை. முதல் மின்வெட்டு முடிகிற நேரத்தில், தண்ணீரின் மேல்பகுதியில் மட்டும் தேதி தெரிந்தது. மேலிருந்து கீழாகத் தெளிகிறது என்றால் தூள் விழுகிறது என்று பொருள். 1865-இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை வைத்துக் கடலின் தெளிவை அளந்தார். இன்றும் ஏரிகளிலும் கடலிலும் அந்தத் தட்டுப் புழக்கத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு அவர் பெயர் அப்போது தெரியாது. பிறகு நான் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார்.

மின்சாரம் திரும்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் எங்கள் வேலை தொடங்கும். கற்களின் மேல் வெள்ளையாகப் படிந்த தூளைச் சின்ன டியூபால் உறிஞ்சி வாளிக்கு இறக்குவோம். மணலின் மேல் கை வைப்பதில்லை. ஃபில்டரின் பஞ்சைப் பார்ப்போம். இந்தப் பஞ்சு விஷயத்தில் கொஞ்சம் பழக வேண்டும். புதுப் பஞ்சின் இழைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம், மிகச் சிறிய தூள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். சற்று அழுக்கேறிய பஞ்சுதான் நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் பிடித்த தூளே வழியைக் குறுக்குகிறது. அதற்காக அடைக்கவிட்டால் தண்ணீர் பஞ்சைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். ஓட்டம் தளர்கிற அந்தக் கட்டத்தில் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றாமல், இரண்டு அடுக்கில் ஒன்றை மட்டும். வேவ்மேக்கரின் முகத்தை மேற்பரப்பைப் பார்த்துத் திருப்பி, மெதுவாக ஓட விட்டோம். மெல்லிய ஓட்டத்தில் துகள்கள் மோதி ஒட்டிப் பெரிதாகும். வேகமான ஓட்டம் மணலையும் கிளப்பும், ஒட்டியதையும் உடைக்கும்.

கடைக்கார அண்ணன் கிளாரிஃபையர் ஒரு புட்டி கொடுத்திருந்தார். அதில் இருப்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். அவை துகள்களைக் கோத்துக் கொத்தாக்கும். அது மோசடி இல்லை, வேலை செய்கிற பொருள்தான். ஆனால் அளவு கூடினால் துகளின் மின்னேற்றம் எதிர்ப்பக்கம் திரும்பி, கலங்கல் மறுபடியும் நிலைத்துவிடும். கொத்தான தூள் கல்லின் மேல் பசைபோல் படியும், அதை ஊதிக் கழற்ற வேண்டும். பம்ப் ஓட்டத்துக்கும் பஞ்சுக்கும் அடங்காவிட்டால் மட்டும் என்று அப்பா அதை அலமாரியில் வைத்தார். தேவைப்படவில்லை. தொட்டி மெல்ல மெல்ல, காலண்டரின் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துக்கு இறங்கி வந்தது. நல்ல நேரமும் ராகு காலமும் படிக்க முடிந்த அன்று, மீதி மணலையும் போட்டு, முழு வேலையையும் மறுபடி செய்தோம். இரண்டாவது தடவை கலங்கல் பாதியாக இருந்தது.

இதற்கிடையில் அப்பாவின் நண்பர் வட்டத்தில் ஒருவர், மணல் போட்டால் பிஎச் ஏறியிறங்கும், பஃபர் பொடி போடுங்கள் என்று வற்புறுத்தினார். அப்போது அதைப் போடாமலிருந்தது மிகச் சரி என்று இன்றும் நினைக்கிறேன். வெப்பமண்டலக் கடலின் மேல்தண்ணீர், அரகோனைட்டைப் பொறுத்தவரை எப்போதும் மிகைத் தெவிட்டிய நிலையிலேயே இருக்கிறது. கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து படிகமாவதற்கு வேண்டியதற்கு மேல் இருக்கின்றன. நீரில் கரைந்திருக்கும் மக்னீசியமும் கரிமப் பொருள்களும்தான் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. அந்தத் தண்ணீரில் புதிய அரகோனைட் தூள் மிதக்கும்போது ஒவ்வொரு துகளும் படிகம் வளர ஒரு விதை. அதற்கு மேல் காரத்தன்மையைக் கூட்டும் பஃபர் பொடியையும் கொட்டினால் தொட்டி முழுக்க வெள்ளைப் படிவு விழும். தூள் கலங்கலைப் போக்கப் போய்ப் புதுக் கலங்கலை உண்டாக்கிய கதையாகும்.

அந்த மணல் பிறந்த ஊரின் கதையையும் அந்த வாரத்தில்தான் படித்தேன். பஹாமாஸின் ஆழமற்ற கடல்மேடையில், அலையும் ஓதமும் உருட்ட உருட்ட, சின்ன மணியைச் சுற்றி அரகோனைட் அடுக்கடுக்காகப் படிந்து மீன்முட்டைபோல் வழவழப்பான ‘ஊயிட்’ மணிகள் உண்டாகின்றன. அதே கடலில், நல்ல தெளிந்த நீலத்துக்கு நடுவே திடீரென்று வெளுத்த திட்டுகள் தோன்றி நாள்கணக்கில் நிற்கும். ஆங்கிலத்தில் அவற்றை வைட்டிங் என்கிறார்கள். உள்ளே மிதப்பது அரகோனைட் நுண்தூள். அது தண்ணீரிலேயே புதிதாகப் படிகமாகிறதா, நுண்ணுயிர்கள் தூண்டுகின்றனவா, தரையிலிருந்து கிளம்பி வந்ததா என்று விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். “அப்ப கடலுக்கே இந்தப் பிரச்சினை இருக்கா” என்று கேட்டு, அந்தக் கட்டுரையை முழுக்கத் தமிழில் சொல்லச் சொன்னார். ஓர் இரவு முழுக்கச் சொன்னேன்.

பிறகு ஒன்று நடந்தது. பொடி எழுத்துவரை படிக்க முடிந்த தண்ணீர், சில நாள் கழித்து மறுபடி மங்கத் தொடங்கியது. தூள் திரும்பக் கிளம்பிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்பா எதையும் தொடவில்லை, மின்வெட்டுக்காகக் காத்திருந்தார். இரண்டு மணி நேரம் போனது, தண்ணீரின் மேலும் கீழும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தது. தேதி மேலேயும் தெளியவில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்தோம். வெள்ளைத் தூள் இல்லை, விரலில் வழுக்கியது. இது கல் இல்லை, உயிர். தரைக் கண்ணாடியில் வளர்ந்திருந்த உயிர்ப்படலம் மணலுக்கடியில் மூடுண்டு மடிந்து, அந்த உணவில் பாக்டீரியா பெருகியிருக்க வேண்டும் என்பது அப்பாவின் கணிப்பு. பாக்டீரியாவின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது விழாது. இந்தக் கலங்கலுக்கு வைத்தியமே வேறு. அது மீன்களின் ஆக்சிஜனைப் பங்குபோடும், அதனால் காற்றைக் கூட்ட வேண்டும். அதன் உணவைக் குறைக்க வேண்டும், அதனால் மீன்களுக்குத் தீனியைப் பாதியாக்க வேண்டும். கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை நன்றாக நுரைக்கவிட வேண்டும். யுவி விளக்கு இருந்தால் இதற்கு உதவும். தூளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கிளாரிஃபையர் புட்டியைத் திறக்கலாமா என்று நான் கேட்டேன். பாக்டீரியாவைக் கொத்தாக்கி மணலில் இறக்கினால் அது அங்கே அழுகும், மறுபடியும் யாருக்கோ தீனியாகும் என்றார். தீனி குறைந்ததும் அது தானாக அடங்கியது. அடங்கிய பிறகு மணலும் மாறியிருந்தது. மணிகளின் மேல் உயிர்ப்படலம் ஏறி, தூளையெல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொண்டதால், கையை விட்டுக் கிளறினாலும் முன்போல் புகையவில்லை.

அதற்குப் பிறகு கொளத்தூரிலிருந்தே ஆட்கள் அப்பாவைத் தேடி வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: என்ன மருந்து போட்டீங்க சார்? அப்பா பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பார். எப்போ கலங்குச்சு? பம்பை நிறுத்தினா மேல தெளியுதா? மீன் மேல வந்து வாயைத் திறக்குதா? மணல் போட்ட உடனே கலங்கி, நிறுத்தினால் மேலிருந்து தெளிந்தால் தூள். சில நாள் கழித்து வந்து, நிறுத்தினாலும் தெளியாமல், மீன் மூச்சு வாங்கினால் பாக்டீரியா. ஏதாவது பொடி போட்ட சில நிமிடத்தில் வெளுத்தால் சுண்ணாம்புப் படிவு. இது தெரியாமல் எந்தப் புட்டியையும் திறக்காதீர்கள் என்பார். சிலர் ஏமாற்றத்தோடு போவார்கள், சிலர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள்.

அப்பாவின் தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. மணல் நாளாக நாளாகக் குறைகிறது. டியூபோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அதனால் அவ்வப்போது ஒன்றிரண்டு குவளை சேர்க்கிறேன், அதே பிவிசி குழாய் வழியாக. மின்வெட்டு இப்போது அவ்வளவாக இல்லை. ஆகவே பேட்டரிப் பம்பைப் போட்டுவிட்டு மற்றதை எல்லாம் நானே நிறுத்துகிறேன், கைபேசியில் இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு. அலாரம் அடித்ததும் கற்களை உறிஞ்சி, பஞ்சில் ஓர் அடுக்கை மாற்றி, வேவ்மேக்கரை மேலே திருப்பி ஓடவிடுகிறேன். வலதுபக்கக் கண்ணாடிக்கு அன்றைய காலண்டர் தாள் போதும்.